விமானம் ஏறும் முன்பே தீர்ந்துபோகும் பணம்

சிவகிரி பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நின்றால் கல்லூரி மாணவர்களின் கூட்டத்தைப் பார்க்கலாம். ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிறவர்கள் ஒரு புறம். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தெற்கே போகிறவர்கள் மறுபுறம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வண்டி ஏறுகிறவர்களில் நம் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அதற்கு முன்பே தூக்குவாளியோடு நடவுக்கோ களையெடுப்புக்கோ எலுமிச்சைத் தோட்டத்துக்கோ போயிருப்பார்கள். அரசாங்கப் படிவத்தில் 'முதல் தலைமுறைப் பட்டதாரியா?' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் டிக் அடிக்கிற பிள்ளைகள் இவர்கள்.

இவர்களில் சிலர் இப்போது நம்மிடம் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "அண்ணே, வெளிநாட்டில எம்.எஸ். படிக்க கவர்மெண்டே பணம் தருதாமே, நெசமா?" நிஜம்தான் என்கிறோம். "அப்ப எப்ப அப்ளை பண்ணணும்?" என்று அடுத்து கேட்கிறார்கள். அங்கேதான் நம் குரல் இறங்கிப்போகிறது. இறுதியாண்டுத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, ஹால் டிக்கெட் இன்னும் பையில் இருக்கும்போது வந்து கேட்கிறவர்களே அதிகம். அந்த ஆண்டுக்கான வேலைகளை அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

பணம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடந்துவருகிறது. கல்விக் கட்டணம், விமானக் கட்டணம், விசா, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் அது ஏற்கிறது. தங்கிச் சாப்பிட அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு ஆண்டுக்கு 15,400 டாலர், பிரிட்டனுக்கு 9,900 பவுண்டு. வயது 35-க்குள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், பட்டப்படிப்பில் 60 சதவீத மதிப்பெண் என்பவை அடிப்படைத் தகுதிகள். மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை, அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் என்ற பெயரில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று உலகத்தின் நல்ல பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் முதுகலை படிக்க இது போதும்.

ஆனால் மத்தியத் திட்டத்தில் மொத்தம் 125 இடங்கள்தான். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் நம் மக்கள் தொகை 20 கோடிக்கு மேல். பதினேழு லட்சம் பேருக்கு ஒரு இடம் என்று வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து மலைத்து உட்கார்ந்துவிட வேண்டாம். விண்ணப்பிக்கும் நிலை வரைக்கும் வந்து சேர்கிறவர்களே குறைவு. நாம் பேசவந்தது அந்த இடத்தைப் பற்றித்தான்.

பதினொன்றரை பவுண்டு

இந்த உதவித்தொகைக்கு ஒரு வரலாறு உண்டு. அம்பேத்கர் 1913 ஜூலையில் நியூயார்க்கில் போய் இறங்கியபோது அவர் கையில் இருந்தது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகை. மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை பார்ப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். கொலம்பியாவில் முடித்து லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பவேண்டி வந்தது. பரோடாவில் வேலை இருந்தது, தங்க இடம் இல்லை. பார்சி விடுதியில் இருந்து அவரை வெளியேற்றிய கதையை அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சிறு நூலின் தலைப்பு 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. வெளிநாடு போவதைப் பற்றிய புத்தகம் அல்ல அது. இருந்தாலும் தூதரக வரிசையில் நிற்கப்போகிற நம் பிள்ளைகள் ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.

மும்பையில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன், இவற்றைக் கொண்டு 1920-ல் மறுபடி லண்டன் போனார். விட்ட படிப்பை முடித்தார். பணம் பாதியில் நின்றுபோவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, 1942-ல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இடம் கிடைத்ததும் லின்லித்கோ பிரபுவிடம் அவர் கொடுத்த கோரிக்கை மனுவில் ஒரு விஷயத்தைத் திட்டவட்டமாகக் கேட்டார். கலையும் சட்டமும் படிப்பது மட்டும் நம் மக்களுக்குப் போதாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்படிப்பு வேண்டும் என்றார். உள்நாட்டில் அத்தகைய படிப்புகளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்க ஆண்டுக்கு 1 லட்சமும் ஒதுக்கக் கோரினார். சட்டமும் பொருளாதாரமும் படித்த மனிதர் கேட்டது அது. இன்று எம்.எஸ். மெக்கானிக்கல் படிக்க ஆசைப்படுகிற நம் பிள்ளை, எண்பது ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட அந்த மனுவின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள்.

கதவு வரைக்கும் ஆகும் செலவு

சிவகிரியில் பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அவள் அமெரிக்காவில் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறாள். உதவித்தொகை கிடைப்பதற்கு முன்பு அவள் சொந்தக் கையில் இருந்து போடவேண்டிய பணத்தை எழுதிப் பார்ப்போம்.

பாஸ்போர்ட் 1,500 ரூபாய். ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்குச் சுமார் 18,000. ஜி.ஆர்.இ. தேர்வு கேட்கிற இடமாக இருந்தால் அதற்கு 22,000 சுமார். பல்கலைக்கழகத்தில் இருந்து மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட் எடுக்க, அதற்குப் போய்வர, கூரியர் செலவு எல்லாம் சேர்த்து நான்காயிரம் என்று வைப்போம். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 75 டாலரில் இருந்து 125 டாலர் வரை. ஆறுக்குக் கூட்டினால் 45,000 அளவுக்கு வரும் என்று வைப்போம். மொத்தம் சுமார் 90,000 ரூபாய்.

2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலையின் கூலி நாளுக்கு 336 ரூபாய். 90,000-ஐ அதனால் வகுத்தால் 268 நாள் வருகிறது. நூறு நாளும் முழுசாக வேலை கொடுத்தாலும், அந்த அம்மா ஏறத்தாழ மூன்று வருஷம் வாங்குகிற கூலியில் ஒரு பைசா அரிசிக்குச் செலவழிக்காமல் எடுத்து வைக்க வேண்டும். 36 லட்சம் தருகிற அரசுதான் இருக்கிறது. இந்தத் தொண்ணூறாயிரத்துக்கு யார் இருக்கிறார்கள்?

வங்கி இருக்கிறது என்பார்கள். கல்விக் கடன் சேர்க்கைக் கடிதத்துக்குப் பிறகுதான். தேர்வுக் கட்டணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. சேர்க்கைக் கடிதத்தோடு போனாலும் வெளிநாட்டுப் படிப்புக்கான பெரிய தொகைக்கு ஈடு கேட்கிறார்கள். நம் வீட்டுமனைக்கு இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த நிபந்தனைப் பட்டா. அந்தத் தாளைப் பார்த்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை மெதுவாக நம் பக்கம் தள்ளிவிடுவார். நாம் உடன் போன இரண்டு முறையும் அதுதான் நடந்தது. ஆக, மீட்டர் வட்டிக்காரரோ, அம்மாவின் காதில் கிடக்கும் கம்மலோதான் கதி.

செலவைக் குறைக்க வழிகள் இல்லாமல் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஜி.ஆர்.இ. கேட்பதை விட்டுவிட்டன. துறைவாரியாகப் பார்த்துவிட்டு அதன்பிறகு பணம் கட்டுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, குடும்ப வருமானத்தைக் குறிப்பிட்டு, சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினால் சில இடங்களில் தள்ளுபடி கிடைக்கும். நம் பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்பது பிச்சை அல்ல, அவர்களே வைத்திருக்கிற ஏற்பாடு. ஜி.ஆர்.இ., டோஃபல் இரண்டிலும் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். தேர்வுக்குப் போகும்போதே அந்த நான்கு பெயர்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிறகு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் காசு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்புகளில் பொறியியல் நிறைய உண்டு. தேர்வானால் மாதம் 1,400 யூரோ கிடைக்கும், கல்விக் கட்டணம் கிடையாது. விண்ணப்பிக்கவும் பெரும்பாலும் கட்டணம் இல்லை. இதைப் பற்றி நம்மிடம் கேட்டுவந்த பிள்ளை இதுவரை ஒருவர்கூட இல்லை என்பதுதான் வருத்தம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதது மற்ற பாதி. விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை, நம் கணக்கில் பத்து லட்சத்துக்கு மேல், முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும், அல்லது உதவித்தொகைக் கடிதம் காட்ட வேண்டும். இந்திய மாணவர்களின் சான்றிதழைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றுக்குத் தனியாக 18,000 ரூபாய். 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்று போஸ்டர் அடிக்கிறவர்கள் இதைச் சின்ன எழுத்தில்கூடப் போடுவதில்லை.

போஸ்டர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பக்கத்து நகரங்களில் கன்சல்டன்சிகள் பெருகிவிட்டன. பல இடங்களில் நம்மிடம் கட்டணம் வாங்காமலே விண்ணப்பம் போட்டுத் தருகிறார்கள். சேர்த்துவிட்டால் அவர்களுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது என்பதால்தான். கமிஷன் தருகிற பல்கலைக்கழகத்தைத்தானே காட்டுவார்கள்? மத்திய உதவித்தொகையோ, கியூ.எஸ். தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். தேர்வுப் பட்டியலும் அந்தத் தரவரிசையை வைத்துத்தான் போடப்படுகிறது. எண்பதாவது இடத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியவர், நானூறாவது இடத்தில் வாங்கியவருக்கு முன்னால் நிற்பார். கன்சல்டன்சி காட்டுகிற இடத்தின் பெயரை அந்தப் பட்டியலில் முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

காத்திருக்கும் ஆண்டு

பணத்துக்கு அடுத்து நம்மைக் கவிழ்ப்பது நாள்காட்டி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கான இணையதளம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் திறக்கிறது. அதற்குள் கையில் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் இருக்க வேண்டும். இறுதியாண்டு படிக்கிற பிள்ளைக்குப் பல பல்கலைக்கழகங்கள் 'பட்டம் முடித்துச் சான்றிதழ் காட்டினால்' என்ற நிபந்தனையோடுதான் இடம் தருகின்றன. ஆக நம் பெண்ணுக்கு அந்த ஆண்டு கைநழுவும். அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

வசதியுள்ள வீட்டில் அந்த ஓராண்டுக்கு இடைவெளி என்று பெயர். நம் வீட்டில் அப்படி ஒரு பெயர் கிடையாது. பையன் என்றால் கோயம்புத்தூருக்கோ ஓசூருக்கோ பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் போய்விடுவான். திரும்பிப் படிக்க உட்காரும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்? பெண் என்றால் "படிப்புதான் முடிஞ்சிருச்சே" என்று சொந்தக்காரர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். மத்திய உதவித்தொகையில் 30 சதவீதம் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருப்பது நல்லதுதான். அந்தக் காத்திருக்கும் ஆண்டைத் தாண்டி வருகிற பெண்களுக்குத்தான் அது பயன்படும்.

தேர்வான பிறகும் நிம்மதி இல்லை என்பதை 2025 ஜூலையில் பார்த்தோம். மத்தியத் திட்டத்தில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் தற்காலிக ஒப்புதல் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி கிடைப்பதைப் பொறுத்துத் தரப்படும் என்றார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிற பிள்ளைக்கு ஜூலையில் இந்தப் பதில். விசா நேர்காணலுக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது? இப்படி மாட்டிக்கொண்டால் ஒன்று செய்யுங்கள். பல்கலைக்கழகத்துக்கு உடனே எழுதி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பிரிட்டனில் முன்பணம் கட்டச் சொல்லி நாள் குறித்திருந்தால், அரசு உதவித்தொகைக்குக் காத்திருப்பதைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். பல இடங்களில் தருகிறார்கள். பதில் சொல்லாமல் இருப்பவர்களின் இடம்தான் முதலில் போகிறது.

மதம் மாறிய நம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. நெல்லை, தென்காசிப் பக்கம் கிறித்தவராக இருக்கும் நம் மக்கள் ஏராளம். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி மத்திய அரசு அவர்களைப் பட்டியல் சாதியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் அந்த 115 இடங்களுக்கு அவர்கள் விண்ணப்பிக்க முடியாது. மாநிலத் திட்டத்தில் கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் இடம் உண்டு. இது தெரியாமல் 'நமக்கு எதுவும் இல்லை' என்று ஒதுங்கிவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம்.

என்ன எழுதுவது, யாரிடம் கேட்பது

எல்லா விண்ணப்பத்துக்கும் இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். நான்கு வருஷம் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் பேராசிரியரிடம் போய் நின்றால் அவர் என்ன எழுதுவார்? மூன்றாம் ஆண்டிலேயே ஒரு புராஜெக்ட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். அரியர் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம், டிரான்ஸ்கிரிப்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு நோக்க அறிக்கை கேட்பார்கள். இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டிய அறிக்கைகளைப் படித்துப் படித்து அலுத்தவர்கள் அவர்கள். நம் பிள்ளைகளிடம் சொல்வதற்கு உண்மையான விஷயம் இருக்கிறது. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை சுமந்த வீட்டுப் பிள்ளை, காயைக் கெடாமல் வைக்கும் குளிர்பதனக் கிடங்கைப் பற்றி எழுதலாம். மேற்குத் தொடர்ச்சி மலையடியில், குளத்துப் பாசனத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேராததைப் பார்த்து வளர்ந்தவர் நீர்வள மேலாண்மையைப் பற்றி எழுதலாம். கழிவுநீர்த் தொட்டியில் மனிதர் இறங்காமல் இருக்க ஓர் இயந்திரம் செய்ய விரும்புவதாக எழுதினால் அதைவிட வலுவான அறிக்கை வேறென்ன இருக்கிறது?

போய்ச் சேர்ந்த பிறகு சாதி விட்டுவிடுமா என்று ஒரு மாணவர் கேட்டார். விடாது. 2020-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசு, சிஸ்கோ நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு நடந்ததாக வழக்கே தொடுத்தது. ஆனால் அங்கே அதைப் பேச வழி திறந்திருக்கிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-லும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-லும் சாதிப் பாகுபாட்டைத் தங்கள் விதிகளில் தடை செய்தன. 2023-ல் சியாட்டில் நகரமே சட்டம் போட்டது. சேரப்போகிற பல்கலைக்கழகத்தின் விதியில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

நாம் கேட்பது பெரிய விஷயம் அல்ல. தாட்கோ நிறுவனம் ஐ.இ.எல்.டி.எஸ்., ஜி.ஆர்.இ. போன்ற தேர்வுகளுக்கு நம் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சிக்கு அவ்வப்போது விண்ணப்பம் கோருகிறது. அந்தப் பயிற்சி தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். தேர்வுக் கட்டணத்தையும், குறைந்தது ஐந்து விண்ணப்பங்களுக்கான கட்டணத்தையும் மாநில அரசு ஏற்க வேண்டும். ஒரு மாணவருக்கு 36 லட்சம் ஒதுக்குகிற அரசுக்கு அந்தத் தொண்ணூறாயிரம் சுண்டைக்காய். வாசுதேவநல்லூரும் சங்கரன்கோவிலும் தனித்தொகுதிகள். தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதிதான். நம் ஓட்டில் போனவர்கள் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இதைக் கேட்கலாம்.

அதுவரை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்யவேண்டிய முதல் வேலை பாஸ்போர்ட். அதிலும் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, தேர்வுப் பதிவில் இன்னொரு மாதிரி என்று மூன்று பெயர் வைத்துக்கொண்டு தேர்வு மையத்துக்குப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பெயர் தெரியாதவர்' என்று பொருள்படும் மூன்று எழுத்து வந்து உட்காரும். ஆகவே இந்த மாதமே பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துவைத்துப் பாருங்கள். இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை, அல்லது அம்மாவின் பெயரை, அந்தக் கட்டத்தில் முழுசாக எழுதுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வாங்க தாலுகா அலுவலகம் போகும்போது அதே எழுத்துகள்தான் இருக்கின்றனவா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.